மலை உயரமும் இயந்திர ரம்பமும்: ஒரு சிறு திருகின் பொருளாதாரம்

அரியானா மாநிலத்தின் கால்கா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கிருந்து சிம்லா வழியாக ஏறும் நெடுஞ்சாலை, இமாசலப் பிரதேசத்தின் நார்கண்டாவை அடையும்போது சுமார் 2,700 மீட்டர் உயரத்தைத் தொட்டுவிடுகிறது. மலைத் தோட்டங்களில் விளையும் ஆப்பிள் இச்சாலை வழியேதான் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்குகிறது. ஆப்பிள் பறிக்கும் பருவமும் மழைக்காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. மண் நெகிழ்ந்து ஒரு தேவதாரு மரம் சாலையின் குறுக்கே சாய்ந்துவிட்டால், பழ லாரிகளும் நோயாளிகளை ஏற்றிவரும் ஊர்திகளும் ஒருங்கே நின்றுவிடுகின்றன. அவ்வேளையில் அனைவரும் எதிர்பார்த்து நிற்பது ஒரு சிறு கருவியை. அதுவே பெட்ரோலால் இயங்கும் சங்கிலி ரம்பம்.

மலைக் காடுகளில் இக்கருவியின் பணி இன்று பெரிதும் இத்தகையதே. முந்தைய உத்தரப் பிரதேசத்தின் மலை மாவட்டங்களில், 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் வணிக நோக்கில் பச்சை மரங்களை வெட்டுவது 1981-ல் நிறுத்தப்பட்டது. ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இன்றி எக்காட்டிலும் மரம் வெட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ஆணையிட்டது. ஆகவே பட்ட மரங்களையும் விழுந்த மரங்களையும் அகற்றுதல், சாலைகளைத் திறந்து வைத்தல் ஆகியவற்றுக்கே ரம்பம் மிகுதியும் தேவைப்படுகிறது. இவை அவசரப் பணிகள். கருவி முதல் இழுப்பிலேயே இயங்க வேண்டியவை.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தம் மலைப்பகுதிக் கிடங்கு ஒன்றைப் பார்வையிடும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிடைத்தது. அங்கே மூன்று ரம்பங்கள் 'பழுது' என்ற சீட்டுடன் ஒதுக்கப்பட்டிருந்தன. இரண்டில் கரி படிந்த ஸ்பார்க் பிளக்கைத் தவிர வேறு குறை ஏதும் இல்லை. மூன்றாவதன் பிஸ்டன் உராய்ந்து சிலிண்டரோடு இறுகிப் போயிருந்தது. மலையில் சரிசெய்யப்பட்ட அந்த ரம்பம், அவ்வாறே சமவெளிக்கு அனுப்பப்பட்டுக் கோடைக்காலத்தில் இயக்கப்பட்டதாம். மூன்றுக்கும் காரணம் ஒன்றே: இடத்தின் உயரம் மாறியபோது கார்புரேட்டரின் திருகு மாற்றப்படவில்லை.

உயரம் செய்யும் மாற்றம்

உயரத்தில் பிராணவாயு குறைவு என்று பொதுவாகச் சொல்வதுண்டு. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் சுமார் 21 சதவீதமே. குறைவது காற்றின் அடர்த்தி. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோகிராம் எடையுள்ளது. 2,700 மீட்டர் உயரத்தில் அது 0.94 கிலோகிராம் அளவுக்குக் குறைகிறது. சிலிண்டர் ஒவ்வொரு முறையும் உள்ளிழுக்கும் காற்றின் கன அளவு மாறுவதில்லை. எடை மட்டுமே குறைகிறது.

கார்புரேட்டரின் குறுகிய கழுத்து வழியே காற்று விரையும்போது அங்கு அழுத்தம் தாழ்கிறது. அத்தாழ்வு பெட்ரோலை நுண்துளை வழியே உறிஞ்சுகிறது. காற்று மென்மையாகும்போது பெட்ரோலின் வரவும் குறைகிறது. எனினும் காற்றின் எடை குறையும் அளவுக்கு அது குறைவதில்லை. கணக்கிட்டால், கால்காவில் சரியாக இருந்த கலவை நார்கண்டாவில் ஏறத்தாழ 11 சதவீதம் கூடுதல் பெட்ரோலைக் கொண்டதாகிவிடும். இதனையே மெக்கானிக்குகள் 'ரிச்' என்பர். நாம் செறிந்த கலவை எனலாம். இதன் எதிர்நிலை 'லீன்', அதாவது மெலிந்த கலவை.

செறிந்த கலவையில் இயந்திரம் புகை கக்கும், மந்தமாக வேகமெடுக்கும், மரத்தினுள் பாதி இறங்கிய நிலையில் நின்றுவிடும், பெட்ரோலை வீணாக்கும். மெலிந்த கலவையின் தீங்கு இதனினும் பெரிது. இவ்வகை இரு வீச்சு இயந்திரத்துக்கெனத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் என்பது போன்ற அளவில், பெட்ரோலிலேயே எண்ணெய் கலக்கப்படுகிறது. பெட்ரோல் குறைந்தால் மசகும் குறையும், வெப்பமோ உயரும். இவ்விரண்டும் சேரும்போது பிஸ்டன் சில நிமிடங்களிலேயே அழிந்துபோகக்கூடும். மெலிந்த கலவையில் ரம்பம் கூர்மையான ஓசையுடன் வேகமாக ஓடுவதால், அது நன்கு இயங்குவதாகவே பழக்கமில்லாதவர் மகிழ்வர். ஏமாற்றம் அங்கேதான்.

சரிசெய்யும் முறை

பெரும்பாலான ரம்பங்களில் மூன்று திருகுகள் உள்ளன. 'எல்' என்று குறிக்கப்பட்டது தாழ்ந்த வேகத்துக்கும், 'எச்' என்பது உயர்ந்த வேகத்துக்கும் பெட்ரோலை அளப்பவை. மூன்றாவது, வெற்றோட்ட வேகத்தை நிறுத்துவது. முதல் இரு திருகுகளை வலஞ்சுழியாகத் திருப்பினால் கலவை மெலியும். இடஞ்சுழியாகத் திருப்பினால் செறியும். மலையேறும்போது வலப்புறம், இறங்கும்போது இடப்புறம் என்று நினைவிற் கொள்ளலாம்.

திருகைத் தொடுமுன் காற்று வடிகட்டியைத் தூய்மை செய்ய வேண்டும். அடைபட்ட வடிகட்டியும் செறிந்த கலவையின் அறிகுறிகளையே காட்டும். பெட்ரோல் வடிகட்டி, ஸ்பார்க் பிளக், குழாய்களில் விரிசல் ஆகியவற்றையும் பார்த்தல் நலம். இக்குறைகளைத் திருகினால் மூடி மறைப்பது நோயை விடுத்து வலியை மட்டும் அடக்குவதாகும்.

பின்னர், சங்கிலியும் தண்டும் பொருத்திய நிலையில் சில நிமிடங்கள் மரம் அறுத்து இயந்திரத்தைச் சூடேற்ற வேண்டும். ரம்பத்தைத் தரையில் உறுதியாக நிறுத்தி, சங்கிலி எதிலும் படாதவாறு வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் 'எல்' திருகை மெல்லத் திருப்பி, வெற்றோட்டம் மிக வேகமாக இருக்கும் புள்ளியைக் கண்டறிந்து, அங்கிருந்து ஏறத்தாழ எட்டில் ஒரு சுற்று இடப்புறம் திரும்பிவர வேண்டும். விசையை அழுத்தியவுடன் இயந்திரம் தயங்காது வேகமெடுத்தால் அமைப்பு சரி. அடுத்து வெற்றோட்டத் திருகைக் கொண்டு, இயந்திரம் நிற்காமலும் சங்கிலி சுழலாமலும் இருக்கச் செய்ய வேண்டும். வெற்றோட்டத்தில் சுழலும் சங்கிலி தொழிலாளியின் காலுக்குப் பகை.

இறுதியாக 'எச்' திருகு. முழு விசையில் இரண்டு மூன்று நொடிகள் மட்டுமே ஓட்டிச் செவிமடுக்க வேண்டும். சரியான கலவையில், சுமையின்றி ஓடும் ரம்பம் சற்றே தடதடக்கும். மரத்தில் இறக்கியவுடன் அத்தடதடப்பு மறைந்து ஓசை சீராகும். மரத்திலும் தடதடத்தால் கலவை செறிந்தது. சுமையின்றியே கூர்மையாகக் கிறீச்சிட்டால் மெலிந்தது. ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. சுற்றுமானி இருப்பின், தயாரிப்பாளர் குறித்த உச்ச வேகத்தைத் தாண்டாதிருத்தல் வேண்டும். ஐயம் எழும்போது சற்றுச் செறிந்த பக்கமே பாதுகாப்பானது.

இவ்வளவும் செய்த பின்னரும், கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆற்றலில் சுமார் நான்கில் ஒரு பங்கு நார்கண்டாவில் கிடைக்காது. இல்லாத காற்றைத் திருகு தந்துவிட முடியாது. சங்கிலியைக் கூராக வைத்திருப்பதும், மிக நீண்ட தண்டைத் தவிர்ப்பதும் அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

குளிரும் எத்தனாலும்

காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி 3 முதல் 4 சதவீதம் கூடுகிறது. எனவே ஆகஸ்டில் செய்த அமைப்பு ஜனவரியின் பனியில் சற்று மெலிந்ததாகிவிடும். எரிபொருளும் மாறியுள்ளது. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் பரவலாயிற்று. எத்தனாலிலேயே பிராணவாயு அடங்கியிருப்பதால், திருகு மாறாத நிலையில் கலவை மெலிகிறது. ரம்பத் தயாரிப்பாளர் பலர் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலை ஏற்பதில்லை; ஆதலின் கருவியின் கையேட்டைப் பார்த்தே எரிபொருளைத் தேர்வு செய்ய வேண்டும். மின்னணு முறையில் கலவையைத் தானே சீராக்கும் ரம்பங்களும், காற்றைச் சாராத மின்கல ரம்பங்களும் இன்று உள்ளன. ஆனால் கிடங்குகளில் இருப்பவற்றில் பல திருகு வகையே. அவற்றை இன்னும் பல்லாண்டுகள் பயன்படுத்தியாக வேண்டும்.

பதிவேட்டில் ஒரு பத்தி

இங்குதான் நிருவாகத்தின் பங்கு வருகிறது. புயலடித்த கடற்கரையிலும் பனி மூடிய கணவாயிலும் ஒரே ஆண்டில் பணியாற்ற நேரும் மீட்புக் குழுக்களுக்கு இவ்விஷயம் மிகவும் முக்கியமானது. மலையில் வலப்புறம் திருப்பிய திருகை, இறங்கியதும் இயந்திரத்தை முழு விசையில் ஓட்டுவதற்கு முன்னரே இடப்புறம் திருப்பியாக வேண்டும். கருவி கைமாறும்போது இச்செய்தியும் கைமாற வேண்டும். கடைசியாகச் சரிசெய்த இடம், அதன் உயரம், தேதி, திருகுகளின் நிலை ஆகியவற்றுக்கு இருப்புப் பதிவேட்டில் ஒரு பத்தி ஒதுக்கினால் போதும். ஒவ்வொரு ரம்பத்திலும் ஒரு தகரச் சீட்டைக் கட்டிவைத்தால் இன்னும் நன்று. இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. ஒரு நாள் பயிற்சியும் ஒரு திருப்புளியும் வேண்டும்.

நமது கணக்குகளில் கருவி வாங்குவது முதலீடு எனவும், அது கெடுவது தேய்மானம் எனவும் எழுதப்படுகின்றன. அறியாமையால் கெட்டதையும் தேய்மானம் என்றே எழுதிவிடுவதால் உண்மைக் காரணம் எவர் கண்ணிலும் படுவதில்லை. அக்கிடங்கில் 'பழுது' எனக் கிடந்த மூன்றில் இரண்டு அன்று மாலையே இயங்கத் தொடங்கின. புதிய கருவிக்கான கோரிக்கையில் ஒப்பமிடுமுன், பழைய கருவியின் திருகு எந்த உயரத்துக்கு வைக்கப்பட்டுள்ளது என்று அலுவலர் ஒருமுறை கேட்பாராயின், அரசுப் பணமும் மிஞ்சும்; மலைச்சாலையும் விரைவில் திறக்கும்.