கொடுத்த ஓட்டும் போராடி வாங்கிய ஓட்டும்



எங்கள் தெருவுக்கு ஒரு கூர்க்கா அண்ணன் வருவார். ராத்திரி விசில் ஊதிக்கொண்டு, தடியால் கரண்ட் கம்பத்தில் தட்டிக்கொண்டு போவார். மாதம் பிறந்தால் பகலில் வந்து வீட்டுக்கு வீடு பணம் வாங்குவார். போன மாதம் அவர் வந்தபோது அம்மா சில்லறை எடுக்க உள்ளே போனார்கள். நான் சும்மா இருக்காமல், "அண்ணே, உங்க ஊர் எது?" என்று கேட்டேன்.

"நேபாள் தம்பி. ஜாபா ஜில்லா."

"அங்க எலெக்‌ஷன்ல நீங்க யாருக்கு ஓட்டு போடுவீங்க?"

"நான் இங்கே, ஓட்டு அங்கே. எப்படிப் போடுறது?" என்று சிரித்தார். பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "எங்க ஊர் பக்கத்துல பூட்டான் ஆளுங்க கேம்ப் இருக்கு தம்பி. அவங்களுக்கு அங்கேயும் ஓட்டு இல்லை, இங்கேயும் ஓட்டு இல்லை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பூட்டான் ஆட்களுக்கு நேபாளத்தில் என்ன வேலை? மறுநாள் சமூக அறிவியல் ஐயாவிடம் கேட்டேன். "நல்ல கேள்வி. படிச்சுப் பார்த்து நீயே சுவர் இதழுக்கு எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டேன்! படித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் வரைபடம் பார்ப்போம்

வகுப்பில் மாட்டியிருக்கும் ஆசியா வரைபடத்தில் இமயமலையைப் பாருங்கள். வடக்கே சீனா, தெற்கே இந்தியா. நடுவில் இரண்டு நாடுகள். நேபாளத்தில் 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர். பூட்டானில் 8 லட்சம் பேர்கூட இல்லை. இரண்டையும் அண்டை நாடுகள் என்று சொன்னாலும் எல்லைக்கோடு ஒட்டாது. நடுவில் நம் நாட்டின் சிக்கிம் மாநிலம் இருக்கிறது. சிக்கிமும் ஒரு காலத்தில் மன்னராட்சி நடந்த தனி நாடுதான். 1975-இல் இந்தியாவின் 22-ஆவது மாநிலமாக இணைந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நேபாளத்திலும் பூட்டானிலும் மன்னர் ஆட்சிதான் நடந்தது. இரண்டு நாடுகளிலும் பெரிய மாற்றம் வந்தது ஒரே ஆண்டில், 2008-இல்! ஆனால் வந்த வழி வேறு வேறு.

நேபாளம்: தெருவில் இறங்கிய மக்கள்

1990-இல் நேபாள மக்கள் பெரிய போராட்டம் நடத்தினார்கள். மன்னர் பீரேந்திரா இறங்கி வந்தார். கட்சிகளுக்கு இருந்த தடை நீங்கியது, புதிய அரசியலமைப்பும் வந்தது. ஆனால் மலைக் கிராமங்களில் வறுமை தீரவில்லை. சாதிக் கொடுமையும் தீரவில்லை. அரசாங்கங்களோ அடிக்கடி கவிழ்ந்தன. 1996 பிப்ரவரியில் மாவோயிஸ்டுகள் ஆயுதம் எடுத்தார்கள். பத்து வருடம் உள்நாட்டுப் போர் நடந்தது. இறந்தவர்கள் 13,000 பேருக்கும் மேல். காணாமல் போனவர்கள் தனி. சண்டை போட்டவர்கள் மட்டும் அல்ல, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிய கிராமத்து ஜனங்களும் செத்தார்கள்.

இதற்கிடையில் 2001 ஜூன் 1 அன்று காத்மாண்டு நாராயண்ஹிதி அரண்மனைக்குள் துப்பாக்கிச் சூடு நடந்தது. மன்னர் பீரேந்திரா, ராணி, பிள்ளைகள் எல்லோரும் இறந்துபோனார்கள். மன்னரின் தம்பி ஞானேந்திரா அரியணை ஏறினார். அவர் 2005 பிப்ரவரி 1 அன்று ஆட்சி முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். தலைவர்கள் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள். டெலிபோன் தொடர்பைக்கூடத் துண்டித்தார்கள்.

அங்கேதான் மன்னர் தப்புக்கணக்குப் போட்டார். அதுவரை ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டிருந்த கட்சிகளும் மாவோயிஸ்டுகளும் கைகோத்துவிட்டார்கள். 2006 ஏப்ரலில் 19 நாட்கள் லட்சக்கணக்கான ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். ஊரடங்கு போட்டும் நிற்கவில்லை. மன்னர் நாடாளுமன்றத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதே வருடம் நவம்பரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆயுதங்களைக் கண்டெய்னரில் வைத்துப் பூட்டினார்கள். ஐ.நா. சபை அதைக் கண்காணித்தது.

2008 ஏப்ரல் 10 அன்று அரசியலமைப்பு எழுதுவதற்கான சபைக்குத் தேர்தல் நடந்தது. மே 28 அன்று அந்தச் சபை கூடி நேபாளத்தைக் குடியரசாக அறிவித்தது. ஆதரவு 560, எதிர்ப்பு 4. சுமார் 240 வருட மன்னர் பரம்பரை ஓட்டெடுப்பால் முடிவுக்கு வந்தது. மன்னர் அரண்மனையைக் காலி செய்துவிட்டுப் போனார். இப்போது அது அருங்காட்சியகம்! டிக்கெட் வாங்கி யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

பூட்டான்: மேலிருந்து வந்த தேர்தல்

பூட்டான் கதை தலைகீழ். அங்கே "எங்களுக்குத் தேர்தல் வேண்டாம், மன்னரே இருக்கட்டும்" என்று சொன்னவர்கள்தான் அதிகம். தேர்தல் வைத்தே ஆகணும் என்று நின்றவர் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக். 1998-இல் நிர்வாகத்தை அமைச்சர்களிடம் ஒப்படைத்தார். 2001-இல் அரசியலமைப்பு எழுதச் சொன்னார். 2006-இல் மகன் ஜிக்மே கேசர் நாம்கியல் வாங்சுக்கிடம் பட்டத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நல்ல மன்னர் இருக்கும்போது எல்லாம் சரி, அடுத்து வருபவர் எப்படி இருப்பாரோ, நாட்டை ஒரே ஆளின் கையில் விடக்கூடாது என்பது அவர் சொன்ன காரணம்.

ஓட்டுப் போட்டே பழக்கமில்லாத ஜனங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது? 2007-இல் ஒத்திகைத் தேர்தல் ஒன்று நடத்தினார்கள். நம் ஆண்டு விழாவுக்கு முன்னால் ஒத்திகை பார்ப்போமே, அது மாதிரி! சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு பொய்க் கட்சிகள். கடைசிச் சுற்றில் வேட்பாளர்களாக நின்றவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்ற பள்ளி மாணவர்கள்! 47 தொகுதிகளில் 46-ஐ மஞ்சள் கட்சி அள்ளிக்கொண்டது. ஏனென்றால் மஞ்சள் மன்னரின் நிறம். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

நிஜத் தேர்தல் 2008 மார்ச் 24 அன்று நடந்தது. பத்தில் எட்டுப் பேர் ஓட்டுப் போட்டார்கள். ஜூலை 18 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன்படி மன்னர் 65 வயதில் ஓய்வு பெற வேண்டும். நாடாளுமன்றத்தில் நான்கில் மூன்று பங்குப் பேர் தீர்மானம் போட்டு, பிறகு மக்களும் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டால் மன்னரையே இறக்கலாம். 2013, 2018, 2024 மூன்று முறையும் ஆளுங்கட்சி தோற்றது. மூன்று முறையும் சண்டை இல்லாமல் ஆட்சி கை மாறியது.

இதுவரை படிக்கும்போது, "அடடா, பூட்டான் வழிதான் சிறந்த வழி. ரத்தமே சிந்தலையே!" என்று நினைத்தேன். அப்போதுதான் கூர்க்கா அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது.

ஜாபா முகாமில் இருப்பவர்கள் யார்?

பூட்டானின் தெற்குப் பகுதியில் நேபாளி பேசும் மக்கள் பல தலைமுறையாக விவசாயம் செய்து வந்தார்கள். அவர்களுக்கு லோட்சாம்பா என்று பெயர். தெற்கத்திக்காரர்கள் என்று அர்த்தம். முன்னால் சிக்கிமைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அங்கே நேபாளி பேசுபவர்கள் பெரும்பான்மை ஆன பிறகு மன்னராட்சி போய்விட்டது. நமக்கும் அந்த நிலை வருமோ என்ற பயம் பூட்டான் ஆட்சியாளர்களுக்கு வந்தது.

1985-இல் குடியுரிமைச் சட்டத்தை இறுக்கினார்கள். 1988-இல் தெற்கில் கணக்கெடுப்பு நடந்தது. 1958-ஆம் ஆண்டில் அங்கே குடியிருந்ததற்கு ரசீது காட்டு என்றார்கள். 30 வருடத்துக்கு முந்தைய ரசீது! நம் வீட்டில் தேடினால் கிடைக்குமா? ஜனங்களை ஏழு வகையாகப் பிரித்தார்கள். ஒரே வீட்டிலேயே ஒருவர் ஒரு வகை, இன்னொருவர் வேறு வகை. பள்ளிகளில் நேபாளி மொழிப் பாடம் நின்றது. எல்லோரும் ஒரே மாதிரி உடைதான் உடுத்தணும் என்று கட்டளை வந்தது. 1990-இல் மக்கள் ஊர்வலம் போனார்கள். அதன் பிறகு கைது, அடி, மிரட்டல். "நானாகவே நாட்டை விட்டுப் போகிறேன்" என்று எழுதிய படிவத்தில் பலரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அப்படி வெளியேறியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இந்தியா வழியாக நேபாளம் போய், ஜாபா, மொரங் மாவட்டங்களில் ஏழு முகாம்களில் மூங்கில் குடிசை போட்டு இருந்தார்கள். இவர்களில் பலர் சட்டவிரோதமாகக் குடியேறியவர்கள் என்பது பூட்டான் அரசின் வாதம். இரண்டு அரசுகளும் பல சுற்றுப் பேசின. யாரையும் திருப்பி அழைத்துக்கொள்ளவில்லை.

2008-இல் பூட்டான் முதல் முறையாக ஓட்டுப் போட்டபோது, இவர்கள் அந்த முகாம்களில்தான் இருந்தார்கள். பட்டியலில் பெயர் இல்லை. 2007 கடைசியிலிருந்து அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா முதலிய எட்டு நாடுகள் அவர்களை ஏற்றுக்கொண்டன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படிப் போனார்கள். 90 ஆயிரம் பேருக்கு மேல் அமெரிக்காவுக்கு. "ஊருக்குத்தான் போவேன்" என்று சொன்ன சில ஆயிரம் பேர் முகாமிலேயே தங்கிவிட்டார்கள். கூர்க்கா அண்ணன் சொன்னது அவர்களைத்தான்.

மறுபடியும் நேபாளம்

அப்படியானால் நேபாளத்தில் எல்லாம் சரியாகிவிட்டதா? அதுவும் இல்லை. 2008-க்குப் பிறகு எந்தப் பிரதமரும் ஐந்து வருடம் முழுதாக இருந்ததில்லை. புதிய அரசியலமைப்பு வர 2015 செப்டம்பர் ஆகிவிட்டது. வேலை தேடி இளைஞர்கள் லட்சக்கணக்கில் வெளிநாடு போகிறார்கள். அப்படிப் போனவர்கள் வெளிநாட்டில் இருந்தபடி ஓட்டுப் போட முடியவில்லை.

2025 செப்டம்பரில் அரசு சமூக வலைத்தளங்களைத் தடை செய்தது. ஏற்கெனவே ஊழலைப் பார்த்துக் கொதித்துப் போயிருந்த இளைஞர்கள் 8-ஆம் தேதி தெருவுக்கு வந்தார்கள். பள்ளிச் சீருடையோடு வந்தவர்களும் இருந்தார்கள். அன்று ஒரே நாளில் 19 பேர் இறந்தார்கள். மறுநாள் நாடாளுமன்றம் எரிந்தது, பிரதமர் ஒலி பதவி விலகினார். மொத்தம் எழுபது பேருக்கு மேல் பலி. முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்கி இடைக்காலப் பிரதமர் ஆனார். நேபாளத்தின் முதல் பெண் பிரதமர் அவர்தான்.

நான் புரிந்துகொண்டது

போராடி வாங்கினால் நல்ல ஓட்டு, மன்னர் கொடுத்தால் மட்டமான ஓட்டு என்று சொல்ல முடியவில்லை. அமைதியாக வந்ததால் மட்டும் எல்லாம் நியாயம் என்றும் சொல்ல முடியவில்லை. ஓட்டுப் பெட்டி வைப்பதற்கு முன்னால் பட்டியல் என்று ஒன்று எழுதுகிறார்களே, அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டது என்பதைத்தான் முதலில் பார்க்கணும் என்று தோன்றுகிறது.

இதை எழுதும்போது எனக்கே ஒன்று உறுத்தியது. போன வருடம் எங்கள் வகுப்பில் தலைவர் தேர்தல் நடத்தினோம். ஆசிரியர் வருவதற்குள் நாங்களே சீட்டு எழுதிப் போட்டோம். அப்போது வேறு ஊரிலிருந்து ஒருவன் புதிதாகச் சேர்ந்திருந்தான். பதிவேட்டில் அவன் பெயர் இன்னும் ஏறவில்லை. "பேர் இல்லாதவனுக்கு ஓட்டு இல்லடா" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அவன் ஒன்றும் பேசாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டான். எங்கள் ஆள் ஜெயித்தது ஒரே ஒரு ஓட்டில். அன்று நாங்கள் கை தட்டினோம்.

அவனிடம் இந்த வாரம்தான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லடா, விடு" என்றான். இந்த வருடத் தேர்தலுக்கு முன்னால் பெயர்களை ஒருமுறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிடலாம் என்று நினைக்கிறேன். நண்பர்களே, சரிதானே?

யோசித்துப் பாருங்கள் (விடை அடுத்த இதழில்)
1. நேபாளத்தையும் பூட்டானையும் பிரிக்கும் இந்திய மாநிலம் எது?
2. பூட்டான் ஒத்திகைத் தேர்தலில் வென்ற கட்சியின் நிறம் என்ன?
3. நேபாளம் குடியரசான தேதி எது?

— 11-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்