வண்டிப்பாதையும் குடியானவர் நெல்லும்

விளைந்த நெல் வயலைவிட்டு வெளியேறி விற்பனையிடத்தைச் சேரும் வரையில் சாகுபடி முடிந்ததாகக் கொள்வதற்கில்லை. விதை, எரு, பாசனம் முதலியவற்றில் மிகுந்த கவனம் செலுத்தும் குடியானவர்களும் வண்டிப்பாதையைப்பற்றி அறுவடை நாள் வரையில் நினைப்பது அரிது. அதனால் நேரிடும் நஷ்டம், காவிரிப் பாசனப் பிரதேசமாகிய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களில் குறுவை அறுப்பின்போது கண்கூடாக விளங்கும்.

குறுவையும் மழையும்

1934-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, வழக்கப்படி ஜூன் மாதம் 12-ஆம் தேதி பாசனத்திற்காகத் திறக்கப்படுகிறது. அந்நீரைக்கொண்டு நட்ட குறுவை, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுப்புக்கு வருகிறது. அக்டோபரிலேயே வடகிழக்குப் பருவமழையும் தொடங்குகிறது. ஆகவே அறுப்பதற்கும், நெல்லைக் கரையேற்றுவதற்கும் கிடைக்கும் வெயில் நாட்கள் சிலவே.

முற்காலத்தில் கதிர்க்கட்டுகள் தலைச்சுமையாகக் களம் சேர்ந்தன; களத்திலிருந்து மாட்டுவண்டி நெல்லை ஏற்றிச் சென்றது. இப்பொழுது அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. அது கொட்டும் நெல்லை டிராக்டர் பெட்டி கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுசெல்கிறது. ஒற்றை மாட்டுவண்டிக்குப் போதுமாயிருந்த பாதை இவற்றின் அகலத்தையும் பாரத்தையும் தாங்குவதில்லை. மூன்று பர்லாங்கு பாதை நன்றாயிருந்து ஒரு பர்லாங்கு சேறாயிருப்பினும், வண்டி அவ்விடத்தில் நின்றுவிடும்.

நின்றுவிட்ட வண்டியிலும் வரப்போரக் குவியலிலும் உள்ள ஈரநெல் சூடேறி, நிறம் மாறி, முளைவிடவும் செய்யும். நெல் கொள்முதலில் ஈரப்பதத்தின் வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். அதற்கு மேற்பட்ட நெல்லை உலர்த்தியே தீரவேண்டும். உலர்த்துவதற்கு வெயிலும் இடமும் கூலியும் வேண்டும். இவ்வாறு பாதையின் குறை, நெல்லின் விலையில் வந்து முடிகிறது.

பெரிய சாலையும் சிறிய பாதையும்

1943-ஆம் ஆண்டில் நாகபுரியில் கூடிய தலைமை எஞ்சினீயர்களின் மகாநாடு, விவசாய அபிவிருத்தியுள்ள பிரதேசங்களில் எந்தக் கிராமமும் முக்கிய சாலைக்கு 5 மைலுக்கு மேற்பட்ட தூரத்தில் இருத்தலாகாது என்னும் நோக்கத்தோடு ஒரு திட்டம் வகுத்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம், சமவெளியில் 500 பேருக்கும் மலைப்பகுதியில் 250 பேருக்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்குச் சாலையிணைப்பு அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. இவற்றால் கிராமத்தின் வாயில் வரையில் சாலை வந்தது. அங்கிருந்து வயல் வரையிலுள்ள பாதையின் நன்மை தீமை ஊராரையும் ஊராட்சியையும் பொறுத்ததாகவே இருக்கிறது.

நீரே பகை

டெல்டாவின் களிமண் நனைந்தால் பருத்து இளகும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆகையால் பாதையைக் காப்பதென்பது பெரும்பாலும் அதிலிருந்து நீரை அகற்றுவதேயாகும். பாதையின் தளம் பக்கத்து வயல் மட்டத்திற்கு ஏறக்குறைய இரண்டடி உயர்ந்திருத்தல் நலம். நடுப்பாகம் மேடாகவும், இரு ஓரங்களும் இருபதடிக்கு ஓரடி வீதம் சரிவாகவும் இருக்கவேண்டும். அதாவது நடுவிலிருந்து ஓரம் வரை ஆறடி அகலமானால், ஏறத்தாழ மூன்றரை அங்குலச் சரிவு போதும். ஓரத்தில் வடிகால் வேண்டும். அவ்வடிகால் ஏதேனும் ஒரு வாய்க்காலில் சென்று முடியவும் வேண்டும். முடிவில்லாத வடிகால் குட்டையாகிப் பாதையை ஊறவைக்கும். சரிவுகளில் புல்லோ வெட்டிவேரோ வளர்த்தால் மண் கரையாது.

வாய்க்கால் தூர்வாரிய வண்டலைப் பாதைமேல் கொட்டி மேடாக்குவது பல ஊர்களில் வழக்கம். வண்டல் வயலுக்கு உரமாகுமேயன்றிப் பாதைக்கு உதவாது. முதல் மழையிலேயே உளையாகிவிடும். அதனை வயலில் இட்டு, பாதைக்குக் கிராவல் போட்டுக் கெட்டிப்பதே முறை.

தாமே செய்துகொள்ளும் கேடுகள்

ஆண்டுக்கு ஒரு சாண் வரப்பைத் தள்ளிப்போடுவதால் பாதை குறுகுகிறது. சர்வே படத்தில் வண்டிப்பாதையின் அகலம் கண்டிருக்கும். தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பித்து அளந்து கல் நாட்டிக்கொண்டால் வழக்குக்கு இடமில்லை. தண்ணீர் கடத்தப் பாதையைக் குறுக்கே வெட்டுவதைக் கைவிட்டு, சிமெண்டுக் குழாய் பதித்துக்கொள்ளலாம். சேற்றுழவுக்கு மாட்டிய இரும்புக் கேஜ் சக்கரத்துடன் டிராக்டரைத் தார்ச்சாலையில் ஓட்டினால் தளம் கிழிந்துபோகும். வயலோரத்திலேயே அதனைக் கழற்றவேண்டும்.

அதிகப் பாரமும் பெருங்கேடு. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரையில் நடந்த பரிசோதனையால், அச்சின்மேல் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு உண்டாகும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்று தெரியவந்தது. ஒரு நடையில் முடிக்கும் ஆசையால் பெட்டி வழிய மூட்டை அடுக்குவதைவிட, இரண்டு நடையாகக் கொண்டுபோவது ஊருக்கு லாபம்.

வேலைக்கு ஏற்ற காலம்

பாதை வேலைக்குரிய காலம் சித்திரை, வைகாசியாகும். உளுந்தும் பயறும் எடுத்து முடிந்து, வாய்க்கால்கள் வறண்டிருக்கும் அந்நாட்களில் மண்வேலை எளிது. ஜூன் 12-க்குப் பின் வாய்க்காலில் நீரும் வயலில் நாற்றும் வந்துவிடும். ஆகவே ஜனவரி 26-ஆம் தேதி கூடும் கிராம சபையிலேயே பாதையின் குறைகளை எடுத்துரைத்துத் தீர்மானம் செய்துகொள்வது உத்தமம்.

அதற்கு வேண்டிய கணக்கை மழையே எடுத்துக்கொடுக்கும். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்ததும், ஊரார் இருவர் பாதை நெடுக நடந்து, நீர் தேங்கியிருக்கும் இடங்களில் முளை அடித்துக் குறித்துக்கொள்ளவேண்டும். அம்முளைகள் உள்ள இடங்களுக்கே கோடையில் மண்ணும் கிராவலும் குழாயும் வேண்டும். முழுப்பாதையையும் புதுப்பிக்கப் பணமில்லாத ஊரிலும் அவ்வளவையேனும் செய்துவிடலாம். அடுத்த குறுவையின்போது நெல் நனையாமல் கரையேறுவதற்கு அதுவே பெருந்துணையாகும்.