158 ரன் அடிச்சும் டீம்ல இடமில்லை... யார் இந்த டி'ஒலிவெரா?

ஃபார்ம்ல இல்லைன்னா டீம்ல இருந்து தூக்குவாங்க, ஓகே. ஆனா 158 ரன் அடிச்ச மேட்ச் முடிஞ்ச மறுநாளே தூக்குவாங்களா? 1968-ல் இங்கிலாந்தில் அப்படித்தான் நடந்தது.

பேசில் டி'ஒலிவெரா 1931-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பிறந்தவர். நிறவெறிச் சட்டப்படி அவர் 'கலர்ட்', அதாவது கலப்பினத்தவர். வெள்ளையர் அல்லாத எல்லோருக்கும் அங்கே தனி கிரவுண்டு, தனி லீக். டெஸ்ட் டீம் வெள்ளையர்களுக்கு மட்டும்தான். அந்த டீம் இந்தியா, பாகிஸ்தான், வெஸ்ட் இண்டீஸோடு ஒரு டெஸ்ட்கூட ஆடியதில்லை. கரடுமுரடான மைதானத்தில் மேட் விரித்து ஆடி, வெள்ளையர் அல்லாதோர் அணிக்கு கேப்டனாகவும் ஆனார் டி'ஒலிவெரா. அதற்குமேல் போக அந்த நாட்டில் வழியே இல்லை.

என்ன செய்தார் தெரியுமா? இங்கிலாந்தின் பிரபல வர்ணனையாளர் ஜான் ஆர்லாட்டுக்கு லெட்டர் போட்டார். அவர் முயற்சியால் 1960-ல் மிடில்டன் என்ற கிளப்பில் வேலை கிடைத்தது. டிக்கெட்டுக்கு ஊர்க்காரர்கள் காசு திரட்டிக் கொடுத்தார்கள். அங்கே போனால், வெள்ளைக்காரர் சாப்பாடு பரிமாறுகிறார்... மனுஷன் திகைச்சுப் போயிட்டார்! ஈரமான பிட்ச்களில் முதலில் தடுமாறினாலும், சீசன் முடிவில் பேட்டிங் சராசரியில் அவர்தான் டாப். அதே லீக்கில் ஆடிய கேரி சோபர்ஸுக்கும் மேலே!

வயசை ஏன் மறைத்தார்?

கவுன்ட்டி கிரிக்கெட்டுக்குப் போனபோது டி'ஒலிவெராவுக்கு 30 தாண்டிவிட்டது. உண்மை வயசைச் சொன்னால் எடுக்க மாட்டார்கள் என்று சில வருஷங்களைக் குறைத்துச் சொன்னார். சச்சின் டெஸ்ட் ஆட வந்தது 16 வயசில். இவர் 1966-ல் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடியபோது வயசு 34. இதை ஏமாற்று வேலைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. நிறத்தைக் காட்டி ஒரு நாடு பிடுங்கிக்கொண்ட வருஷங்கள் அவை.

1968 குளிர்காலத்தில் இங்கிலாந்து அணி தென்னாப்பிரிக்கா போக வேண்டும். டி'ஒலிவெரா வந்தால் ஏற்க மாட்டோம் என்ற தகவல், அணியை அனுப்பும் எம்.சி.சி.யின் மேல்மட்டத்தில் சிலருக்கு ரகசியக் கடிதம் மூலம் முன்பே தெரியும். தொடருக்கு வராமல் ஒதுங்கிக்கொண்டால் பெரிய சம்பளத்தில் கோச் வேலை என்று, புகையிலை கம்பெனியோடு தொடர்புள்ள ஒருவர் டி'ஒலிவெராவிடமே ஆசை காட்டினார். அவர் மசியவில்லை.

ஆகஸ்ட்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஓவல் டெஸ்ட். முதலில் டீமில் அவர் பெயரே இல்லை. ஒருவர் விலக, கடைசி நேரத்தில் உள்ளே வந்தார். 31 ரன்னில் கீப்பர் கேட்ச்சை விட, அதற்குப் பிறகு நிற்கவே இல்லை... 158! இங்கிலாந்து ஜெயித்தது. மறுநாள் தென்னாப்பிரிக்கா போகும் டீம் லிஸ்ட் வந்தது. அவர் பெயர் இல்லை. கேட்டால், 'கிரிக்கெட் காரணம்தான்' என்றார்கள். நிறம் என்ற வார்த்தையை யாரும் வாயால் சொல்லவில்லை.

நாடே கொதித்தது. சில வாரங்களில் டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, டி'ஒலிவெராவைச் சேர்த்தார்கள். 'இது கிரிக்கெட் டீம் இல்லை, எங்கள் அரசியல் எதிரிகளின் டீம்' என்கிற ரீதியில் மறுநாளே பொங்கினார் தென்னாப்பிரிக்கப் பிரதமர் வோர்ஸ்டர். தொடர் ரத்து.

1970-ல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்துக்கு வரவிருந்த தொடரும் ரத்தானது. பிறகு அந்த நாட்டை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. திரும்ப வந்தது 1991 நவம்பரில், நம்ம கொல்கத்தா ஈடன் கார்டனில்! அந்தத் தடையால் வெறும் 4 டெஸ்ட்டோடு முடிந்த பேரி ரிச்சர்ட்ஸுக்காக வருத்தப்படுபவர்கள் நிறைய. ஆனால் டி'ஒலிவெராவோடு மேட் விரித்து ஆடியவர்களுக்கு அந்த 4-கூட கிடைக்கவில்லையே!

டி'ஒலிவெரா 44 டெஸ்ட் ஆடினார், 5 சதம், சராசரி 40. கடைசி டெஸ்ட் ஆடியபோது வயசு 40. தடை நீங்கிய பிறகு, 1992-ல் டர்பனில் இந்தியாவுக்கு எதிராக ஒமர் ஹென்றி என்ற ஸ்பின்னர் தென்னாப்பிரிக்காவுக்காக இறங்கினார். வெள்ளையர் அல்லாத ஒருவருக்கு அந்த நாட்டு டெஸ்ட் டீமில் இடம் கிடைத்ததே பெரிய செய்தியானது. அவருக்கும் அப்போது வயசு 40.