பட்டடை ஒன்று, சம்மட்டி மூன்று

இரும்போடு வாழ்ந்தவர்கள் – 14

உலையிலிருந்து இரும்பை எடுத்த கணத்திலிருந்தே கொல்லருக்கு அவசரம்தான். விரல் தடிமனுள்ள கம்பியில் சூடு அதிக நேரம் நிற்காது. மஞ்சள் ஆரஞ்சாகும், ஆரஞ்சு சிவப்பாகும், அதற்குப் பிறகு எவ்வளவு ஓங்கி அடித்தாலும் இரும்பு அசைந்து கொடுக்காது. அதனால்தான் சென்ற வாரம் பார்த்த உலைக்கும் இந்த வாரம் பார்க்கப்போகும் பட்டடைக்கும் நடுவே ஓர் எட்டுக்கு மேல் இடம் விடுவதில்லை. பட்டடையும் சூட்டைக் குடிக்கும். பழுத்த கம்பியை அதன்மேல் கிடத்திவிட்டு எங்கே அடிப்பது என்று யோசித்துக்கொண்டு நின்றால் அடிப்பக்கம் முதலில் கறுத்துவிடும். யோசனையெல்லாம் கம்பி நெருப்பில் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு அவசரமான தொழிலில் பேச்சுக்கு ஏது இடம் என்று தோன்றலாம். ஆனால் அடித்து முடித்த கம்பி மறுபடி நெருப்புக்குள் போகிறது. அது பழுக்கும்வரை கொல்லருக்குக் கையில் வேலை இல்லை. பக்கத்தில் இன்னொருவர் நின்றால் அந்த இடைவெளியில் வாய் சும்மா இருக்காது. கொல்லர்களின் கேலி, கிண்டல், சவால், சண்டை எல்லாமே இரண்டு சூட்டுக்கு நடுவில் விளைந்தவை. தொழிலின் பாதி அந்தப் பேச்சில்தான் கைமாறியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சாகக் கிடந்த இந்தத் தொழில் பிழைத்த கதையைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

முதலில் பட்டடையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். இங்கிலாந்தில் வார்த்தெடுத்தும் அடித்தும் செய்த பழைய பட்டடைகளின் விலாவில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். 1, 2, 10 என்று வைத்துக்கொள்வோம். தெரியாதவர்கள் அதை வருடம் என்றோ வரிசை எண் என்றோ நினைத்துக்கொள்வார்கள். அது எடைக் கணக்கு. முதல் எண்ணை 112 பவுண்டால் பெருக்க வேண்டும், இரண்டாவதை 28ஆல், மூன்றாவது அப்படியே பவுண்டு. மூன்றையும் கூட்டினால் 178 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 81 கிலோ. ஷெஃபீல்டின் ‘மவுஸ் ஹோல்’, டட்லியின் ‘பீட்டர் ரைட்’, நியூயார்க் புரூக்ளினின் ‘ஹே பட்டன்’ ஆகிய பெயர்களைக் கொல்லர்கள் இன்றைக்கும் சொந்தக்காரர்களின் பெயர்போல உச்சரிக்கிறார்கள். நியூஜெர்சியின் டிரென்டன் நகரில் செய்த ‘ஃபிஷர்’ பட்டடையில் கழுகு முத்திரை இருக்கும். உடல் வார்ப்பிரும்பு, மேல்முகம் மட்டும் எஃகு. மற்றவை கோயில் மணிபோல ஒலிக்கும்போது இது மட்டும் ‘தட் தட்’ என்று அடங்கி ஒலிக்கும். அக்கம்பக்கத்தில் வீடுகள் உள்ளவர்கள் இதைத் தேடிப்பிடித்து வாங்குவார்கள். ஒலிக்காத பட்டடையும் ஒரு பட்டடையா என்று மற்றவர்கள் அவர்களைச் சீண்டுவார்கள்.

ஒழுங்காகப் பாவித்தால் நல்ல பட்டடை நாலு தலைமுறைக்கு நிற்கும். தூக்கிக்கொண்டு ஓட முடியாது, லேசில் தேயாது, புதிதாக வாங்குவதென்றால் பெருஞ்செலவு. இப்படிப்பட்ட பொருள் பல கைகளுக்குப் பொதுவாகிவிடுவது இயல்பு. நம் குறுந்தொகையிலேயே ஏழு ஊர்களின் வேலையையும் தாங்கிய ஒரே ஊர்க் கொல்லனின் துருத்தி, ஓய்வில்லாமல் வருந்தும் ஒரு பெண்ணின் நெஞ்சுக்கு உவமையாக வருகிறது.

ஆனால் பட்டடையைப் பகிர்ந்தவர்கள் எல்லோரும் வித்தையைப் பகிர்ந்துவிடவில்லை. எஃகை எந்த நிறத்தில் தண்ணீரில் தோய்ப்பது, இரண்டு துண்டுகளை நெருப்பிலேயே எப்படி ஒட்டவைப்பது என்பதெல்லாம் பல பட்டறைகளில் வீட்டுச் சொத்தாகவே இருந்தன. அந்நியர் உள்ளே வந்தால் முதுகைக் காட்டி நின்று வேலை செய்த ஆட்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் டிராக்டரும் காரும் வெல்டிங்கும் வந்து பட்டறைகளை ஒவ்வொன்றாக மூடின. காப்பாற்றி வைத்த ரகசியங்கள் காப்பாற்றியவர்களோடு மண்ணுக்குப் போயின. இதை எழுதும்போதே எனக்கு மனம் கனக்கிறது. யாருக்கும் பயன்படாமல் எத்தனை கைகளின் அறிவு போய்விட்டது!

இந்த நிலையில்தான் 1973இல் ஜார்ஜியா மாநிலத்தின் லம்ப்கின் என்ற சிற்றூரில் இருபத்தேழு பேர் கூடி வட அமெரிக்கக் கலைக் கொல்லர்களின் சங்கத்தைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ‘அபானா’. அதற்கு நான்கு வருடங்களுக்கு முன்பே கொல்லுத்தொழிலைப் பற்றிப் புத்தகம் எழுதியிருந்த அலெக்ஸ் பீலர் அதன் முன்னோடிகளில் ஒருவர். சங்கம் ‘தி ஆன்வில்ஸ் ரிங்’ என்று ஓர் இதழும் தொடங்கியது. ஐந்து வருடம் கழித்து, 1978இல், பிரிட்டனிலும் இதேபோல ஒரு சங்கம் வந்தது. அன்றைக்குக் கூடியவர்களின் எண்ணிக்கையைவிட அவர்கள் பிடித்த வழக்கம்தான் பெரிது. தெரிந்ததை எல்லார் கண்முன்னாலும் செய்து காட்டுவது, கேட்டவருக்குச் சொல்லிக் கொடுப்பது என்பதே அந்த வழக்கம்.

அதன் விளைச்சல்தான் ‘ஹாமர் இன்’ என்று அவர்கள் சொல்லும் கூடுகை. சனிக்கிழமை காலை ஒருவரின் பட்டறை வாசலில் பிக்கப் வண்டிகள் வந்து நிற்கும். சிலர் தங்கள் பட்டடையை மரக்கட்டையோடு இறக்கி வைப்பார்கள், சிலர் வெறுங்கையோடு வருவார்கள். வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துப் பழைய குறடுகளையும் சுத்தியல்களையும் விற்பவர்களும் உண்டு. ‘அயர்ன் இன் தி ஹாட்’ என்று ஒரு குலுக்கல் நடக்கும். வருபவர்கள் பலரும் தாங்கள் செய்த ஒரு பொருளையோ கருவியையோ கொடுப்பார்கள். சீட்டு விற்று வரும் பணம் சங்கத்துக்கு, பொருள் குலுக்கலில் பெயர் வந்தவருக்கு. நேற்று ஒருவர் வீட்டில் இருந்த குறடு இன்று இன்னொருவர் உலையில் வேலை செய்யும்.

அடுத்தவர் பட்டடையில் நிற்பதற்கு எழுதாத சட்டங்கள் உண்டு. வெறும் முகத்தில் சுத்தியலை ஓங்கிப் போடக்கூடாது. விளிம்பில் அடித்துச் சில்லு தெறிக்க விடக்கூடாது. ஒருவரின் சொந்தச் சுத்தியலைக் கேட்காமல் தொடக்கூடாது. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. பட்டடையின் வால்பக்கத்தில் ஒரு சதுரத் துளை இருக்கும். அதில் உளிபோலக் கூர் மேல்நோக்கிய வெட்டிரும்பைச் செருகி, அதன்மேல் கம்பியை வைத்து அடித்து வெட்டுவார்கள். வெட்டி முடிந்த கையோடு அதை உருவி எடுத்துவிட வேண்டும். மறந்து விட்டுவிட்டால் அடுத்து வருபவர் சுத்தியலை வீசும்போது அவர் விரல் அந்தக் கூர்மேல் போய் விழும். கூட்டத்தில் யாராவது இதை மறந்தால் அன்று முழுக்க அவருக்கு நிம்மதி கிடையாது. “விரல்கள் எத்தனை, எண்ணிப் பார்த்தாயா?” என்று போவோர் வருவோரெல்லாம் கேட்பார்கள். அந்த ஆள் வாழ்நாளில் இன்னொரு முறை மறக்கமாட்டார். தனியே கூப்பிட்டு ஒரு மணி நேரம் பாதுகாப்பு வகுப்பு எடுத்தாலும் இந்தப் பலன் வராது.

பெரிய இரும்பு என்றால் ஒரு பட்டடையைச் சுற்றி மூன்று நான்கு பேர் நிற்பார்கள். தலைமைக் கொல்லர் இடது கையில் குறடும் வலது கையில் சிறு சுத்தியலுமாக நிற்பார். எதிரே இருவரோ மூவரோ சம்மட்டியோடு. அவர் சிறு சுத்தியலால் தொட்ட இடத்தில் முதல் சம்மட்டி விழும், அது எழும்போதே இரண்டாவது இறங்கும், பிறகு மூன்றாவது. வாய்ச்சொல் கிடையாது. வேகம் கூட்ட வேண்டுமென்றால் சிறு சுத்தியலின் தாளம் கூடும். போதும் என்றால் அவர் பட்டடையின் வெறும் பரப்பில் ஒரு தட்டுத் தட்டுவார். அடுத்த கணம் மூன்று சம்மட்டிகளும் தரையில் ஊன்றி நிற்கும். காலையில்தான் அறிமுகமானவர்கள் மத்தியானத்துக்குள் இப்படி ஒரு தாளத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். கம்பி உலைக்குத் திரும்பிய மறுநொடியே “உன் சம்மட்டி என் இரும்பைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டதா?” என்று ஆரம்பித்துவிடும்.

சில கிண்டல்கள் தலைமுறை தலைமுறையாக வருபவை. புதிதாக வந்தவன் தரையில் கிடக்கும் கறுத்த லாடத்தைக் கையில் எடுத்து, உடனே கீழே போடுவான். “சுட்டுவிட்டதா?” என்று கேட்பார் பெரியவர். “இல்லை, ஒரு லாடத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு நேரம் போதும்” என்பான் அவன். இதைக் கேட்டுச் சிரித்தவன் பிறகு கறுத்த இரும்பை நம்பவே மாட்டான். புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்த பிறகுதான் தொடுவான். இன்னொன்று, கொல்லன் நரகத்துக்குப் போக இரண்டே காரணங்கள் உண்டு என்பது. குளிர்ந்த இரும்பை அடித்தது ஒன்று, செய்த வேலைக்குக் குறைந்த கூலி வாங்கியது இன்னொன்று. இரண்டாவது காரணத்தைச் சொல்லித்தான் கூச்சப்பட்டு விலை சொல்லும் இளைஞர்களை மூத்தவர்கள் திருத்துகிறார்கள்.

தீராத வழக்கும் உண்டு. பட்டடையின் கொம்பு கொல்லருக்கு இடப்பக்கம் இருக்க வேண்டுமா, வலப்பக்கம் இருக்க வேண்டுமா? இருதரப்பும் நூறு காரணம் சொல்லும். எனக்குத் தெரிந்து யாரும் கட்சி மாறியதில்லை. நடுவில் குழிந்த பழைய பட்டடையைப் பற்றிய விவாதம் இதைவிடச் சூடானது. புதிதாக வாங்கியவர்கள் அதை இயந்திரத்தில் கொடுத்து இழைத்துச் சமமாக்கிவிட ஆசைப்படுவார்கள். மேல்முகத்து எஃகுத் தகடு மெல்லியது. இழைத்தால் நூறு வருடம் உழைத்த தகடு ஒரு மத்தியானத்தில் வீணாகும். அந்தக் குழிவில் வைத்துத்தான் வளைந்த கம்பியை நிமிர்த்த வசதி என்று அனுபவசாலிகள் தலைதலையாக அடித்துக்கொள்வார்கள். நான் அவர்கள் கட்சி. அந்தக் குழி தேய்மானம் இல்லை, அங்கே நின்றவர்களின் உழைப்பு.

இங்கிலாந்தில் கொல்லர்களுக்கென்று ஒரு திருநாள் உண்டு. நவம்பர் 23, புனித கிளெமென்ட் நாள். பட்டடைத் துளையில் வெடிமருந்தை நிரப்பிப் பற்றவைத்து ஊரே அதிரும்படி வெடிக்கவைப்பார்கள். அன்றைக்குச் சொல்லும் கதை ஒன்று. ஆல்ஃபிரட் மன்னர் எல்லாத் தொழிலாளர்களையும் அழைத்து யார் தொழில் உயர்ந்தது என்று பார்த்தாராம். பளபளப்பான உடுப்பைப் பார்த்து மயங்கித் தையற்காரருக்கே முதலிடம் கொடுத்தார். கொல்லர் பட்டறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். சில நாளில் மன்னரின் குதிரை லாடம் இழந்தது, தச்சரின் உளி மழுங்கியது, கடைசியில் தையற்காரரின் கத்தரியும் வெட்டவில்லை. எல்லாரும் பட்டறைக்குள் புகுந்து தாங்களே செய்ய முயன்று, குதிரையிடம் உதை வாங்கி, பட்டடையையும் கவிழ்த்தார்கள். அப்போது புனித கிளெமென்ட்டின் கையைக் கோத்துக்கொண்டு கொல்லர் வந்தார். மன்னர் மன்னிப்புக் கேட்டு அவருக்கே முதலிடம் என்றார். விருந்தில் தையற்காரர் பொறாமை தாளாமல் மேசைக்கடியில் நுழைந்து கொல்லரின் தோல் ஏப்ரனைக் கத்தரித்துவிட்டாராம். கொல்லரின் ஏப்ரன் ஓரத்தில் இன்றும் குஞ்சம் இருப்பது அதனால்தான் என்று கதை முடியும்.

கதையிலும் கிண்டலிலும் கைமாறிய வித்தையை ஏட்டிலும் ஏற்றியவர் பிரான்சிஸ் விட்டேக்கர். 1906இல் பிறந்தவர். இளம் வயதில் பிலடெல்பியாவில் சாமுவேல் யெல்லின் பட்டறையிலும், பெர்லினில் யூலியஸ் ஷ்ராம் பட்டறையிலும் கற்றார். தன் பட்டறைக் கணக்குகளை, எந்த வளைவுக்கு எவ்வளவு நீளக் கம்பி என்பது வரை, சமையல் குறிப்புப் புத்தகம்போல 1986இல் அச்சிட்டுவிட்டார். 1999இல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார்.

இப்படி ஊரறியக் கற்றுக்கொடுத்த இன்னொருவர் சார்ல்ஸ்டன் நகரின் பிலிப் சிம்மன்ஸ். கறுப்பினத்தவர், 1912இல் பிறந்து 2009இல் மறைந்தார். அடிமையாகப் பிறந்த பீட்டர் சிம்மன்ஸ் என்ற முதிய கொல்லரிடம் சிறுவனாகச் சேர்ந்து கற்றவர். இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்றாலும் உறவு கிடையாது. லாடமும் வண்டிச்சக்கரமும் வழக்கொழிந்ததும் அலங்காரக் கதவுகளுக்கு மாறி, அந்த நகரம் முழுக்க ஐந்நூறுக்கும் மேற்பட்ட வேலைகளைச் செய்து வைத்தார். 1976இல் வாஷிங்டனில் நடந்த நாட்டுப்புறக் கலைவிழாவில் நட்சத்திரமும் மீனும் கொண்ட ஒரு கதவை மக்கள் கண்முன்னாலேயே அடித்துச் செய்தார். அந்தக் கதவை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வாங்கி வைத்திருக்கிறது. அவரிடம் கற்ற உறவுக்காரப் பையன்கள் பிறகு அதே பட்டறையில் நின்று மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் லாடம் கட்டுபவர்களைப் பார்ப்போம்.

(தொடரும்)