எலுவன்குளம் பஸ்ஸில் கேட்ட பைலா

எலுவன்குளத்திலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் ஏறினால் வண்ணாத்திவில்லு தாண்டுமுன்பே பைலா தொடங்கிவிடும். ஒருநாள் பக்கத்தில் நின்ற என் மாணவன், "சேர், இது குடிகாரனுகள்ட பாட்டுத்தானே?" எண்டு கேட்டான். பாட்டு ஆகுமா ஆகாதா என்பதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். இது எங்கிருந்து வந்த பாட்டு என்பதற்குத் தமிழ் வாத்தியார் பதில் சொல்லலாம்தானே.

பைலா, 'ஆடுதல்' எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. 1505இல் வந்த போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் எல்லாவற்றையும் இழந்து போனார்கள். அவர்களது கலப்பு மொழியும் ஆட்டப்பாட்டும் கரையோரத்தில் தங்கிவிட்டன. அந்தப் பழைய வடிவத்துக்குப் பெயர் கபிரிஞ்ஞா. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாணங்களில் வயலினோடு ஆடுவதும் இதுதான்.

இந்தப் பெயரின் வேர் எங்கட சொல். கிழக்காபிரிக்கக் கரையில் இஸ்லாத்தை ஏற்காதிருந்தவர்களை அறபு வணிகர்கள் 'காபிர்' என்றார்கள். போர்த்துக்கேயர் அதை வாங்கி ஆபிரிக்கர்களுக்கே பெயராக்கிவிட்டார்கள். 'இஞ்ஞா' என்பது அவர்கள் மொழியில் சிறுமையும் செல்லமும் காட்டும் விகுதி. தென்னாபிரிக்காவில் இச்சொல் கொடிய வசை. இங்கே 'காப்பிரி' என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஒரு சமூகம் புத்தளம் நகருக்கு அருகே, சிரம்பியடியில் வாழ்கிறது. ஆங்கிலேயர் காலத்து ஆபிரிக்கப் படைவீரர்களின் வழிவந்தவர்கள் அவர்கள், கத்தோலிக்கர்கள்.

அவர்கள் பாடுவதை 'மஞ்சா' என்பார்கள். இரண்டு மூன்று வரிதான் பாட்டு. அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏறி, இருந்தவர்களும் எழுந்து ஆடும்வரை போகும். றபான், டோலக், சிரட்டை, கரண்டி, போத்தல், கைக்கு எது அகப்படுகிறதோ அது வாத்தியம். றாத்தீபு மஜ்லிஸில் றபான் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தத் தோலின் சத்தம் புதிதாக இராது.

பைலாவின் தாளத்தைப் புரிந்துகொள்ள இசை படித்திருக்க வேண்டியதில்லை. ஆறு எண்ணுங்கள். ஒன்றிலும் நான்கிலும் அழுத்துங்கள்: 'தகிட தகிட'. கர்நாடக இசைக்காரர் திஸ்ரம் என்பது இந்த மூன்றைத்தான். அதே ஆறை 'தக தக தக' என்று மூன்றாகவும் வெட்டலாம். ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் மறுவிதமாகவும் தட்டும்போது கால் தானாக ஆடும். ஆபிரிக்க இசையில் இந்த விளையாட்டு பரவலாக உண்டு.

1940களில் பொலிஸ்காரரான வொலி பஸ்தியன்ஸ் இந்தத் தாளத்துக்குச் சிங்கள வரிகள் போட்டு, கிற்றாரோடு மேடையேற்றினார். தலைப்புக் கொடுத்ததும் இருவர் எதிரெதிரே நின்று அந்த இடத்திலேயே பாட்டுக்கட்டும் 'வாத பைலா'வும் அக்காலத்தில் பெருகியது. கிழக்கிலங்கையில் எங்கட ஆக்கள் கவிக்குக் கவி சொல்லி மடக்குவதை இதோடு ஒப்பிட்டு யாராவது எழுதவேண்டும். தமிழில் நித்தி கனகரத்தினமும், அவருக்குப் பின் 'சிலோன்' மனோகர் என்ற ஏ. ஈ. மனோகரனும் இந்தத் துள்ளலைப் பொப்பிசை ஆக்கினார்கள். மீன் கொண்டுவந்த கதை சொல்லும் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாடு வரை போய்விட்டது.

பஸ்ஸில் கேட்பது இதன் பேரப்பிள்ளை. மூத்தவர் சிரம்பியடியில் இருக்கிறார், ஆனால் பேச்சு மறந்த நிலையில். அங்குள்ள இளையவர்கள் வீட்டில் பேசுவது சிங்களம். முன்னோரின் கலப்பு மொழி பாட்டில் மட்டுமே மிஞ்சி நிற்கிறது. வரிகள் பாடம், மெட்டுப் பிசகுவதில்லை. பொருள் கேட்டால் வயதானவர்களைத்தான் கைகாட்டுவார்கள்.

இதைப் பரிதாபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மூத்தம்மா மஃரிபுக்குப் பிறகு அறபுத் தமிழ்க் கிதாபை மடியில் வைத்து மாலை ஓதுவா. அந்த இராகம் இன்றும் என் நாவில் இருக்கிறது. கிதாபும் வீட்டில்தான் இருக்கிறது. தமிழ்ச் சிறப்புப் பட்டம் எடுத்த நான் அதை விரித்தால், ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி முடிக்க அரை மணித்தியாலம் பிடிக்கிறது.