எழுத்தை இழுக்காமல் தாளைப் பெரிதாக்க

கருத்துணர் பயிற்சிக்குப் பழைய இதழின் பத்தி ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறீர்கள். அகலம் 1600, உயரம் 1200 பிக்சல். அதை ஏ4 தாளில், அதாவது 300 டி.பி.ஐ. கணக்கில் 2480க்கு 3508 பரப்பில், வைக்க வேண்டும். பைதானின் பில்லோ நூலகத்தில் நேராக 'ரீசைஸ்' கட்டளைக்குப் போய்விடாதீங்க. அது படத்தையே இழுக்கும்: அகலம் ஒன்றரை மடங்கு, உயரம் ஏறக்குறைய மூன்று மடங்கு. எழுத்துகள் ஒட்டடைக்குச்சி மாதிரி நிற்கும். சிறிதாக்கினாலோ புள்ளி கரைந்து 'பல்' 'பல' ஆகிவிடும். பிழைதிருத்தப் பயிற்சியில் அந்தப் பிழையை மாணவர் கணக்கில் எழுதுவது நியாயமா?

செலாயாங்கில் என் படிவம் 5 மாணவர்களுக்கு நான் செய்வது இதுதான். 'இமேஜ்.நியூ' கட்டளையில் 2480, 3508 அளவில் வெள்ளைப் பரப்பு ஒன்றை உருவாக்கி, 'பேஸ்ட்' கட்டளையால் படத்தை அப்படியே அதில் ஒட்டுகிறேன். 2480இலிருந்து 1600ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 440. அது இடப்பக்க இடைவெளி. மேலே 200 விட்டால் போதும், மிச்சமெல்லாம் விடை எழுதும் இடம். கணிதப் பாட வரைபடம் போல நினைக்காதீங்க; இங்கே மேல் இடது மூலைதான் பூச்சியம், எண் கூடக்கூடக் கீழே இறங்கும்.

நிறத்தைக் குறிப்பிடாவிட்டால் தாள் முழுக்கக் கறுப்பாக வரும். பள்ளி அச்சுப்பொறியின் மை அதோடு காலி! சேமிக்கும்போது பி.என்.ஜி.யாக வையுங்கள், ஜேபெக் எழுத்தோரங்களில் அழுக்குப் படிய வைக்கும்.