தாத்தா வண்டியா? பேரன் வண்டியா?

ரெண்டு அணியும் சண்டை போட்டு முடிச்சாச்சு. எளியவனுக்கு அதிகம் உதவிய வண்டி எது? ஃபோர்டு ‘டி’ மாடல் காரா, வில்லிஸ் ஜீப்பா? ரெண்டும் அமெரிக்காவில் பிறந்தவை. தர்மபுரியில உக்காந்து இதை ஏன் பேசணும்? தொப்பூர் கணவாயில வண்டி ஏறி இறங்குன உங்களுக்குத்தான் இது நல்லாப் புரியும்!

முதலில் தாத்தா. 1908ல் வந்தபோது ‘டி’ மாடல் விலை 850 டாலர். 1913ல் ஹென்றி ஃபோர்டு என்ன செய்தார்? தொழிலாளி வண்டியைத் தேடிப் போக வேண்டாம், வண்டியே அவனைத் தேடி நகர்ந்து வரட்டும் என்றார். அடிச்சட்டம் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது. அது ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. 1925க்குள் விலை 300 டாலருக்கும் கீழே! 1927ல் நிறுத்தும்வரை ஒன்றரைக் கோடி வண்டிகள்.

ஆனா ஒரு கஷ்டம். பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில. பம்பு கிடையாது. தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுற மாதிரி பெட்ரோல் தானா என்ஜினுக்கு இறங்கணும். செங்குத்தான மேட்டில் என்ஜின் உயரத்துக்குப் போயிடுமே! அதனால வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ்லயே ஏத்துவாங்க. சாமிக்கு முதுகு காட்டக்கூடாதும்பாங்க. இது மலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டேதான் மேல போகும்! (சிரிப்பு)

அடுத்து பேரன். ராணுவத்துக்காக 1941ல் வில்லிஸ் ஜீப் வந்தது. தாத்தாவுக்கு 20 குதிரை சக்தி, பேரனுக்கு 60. அது மட்டுமில்லீங்க. தாத்தாவுக்குப் பின் சக்கரம் ரெண்டுக்குத்தான் என்ஜின் பலம். சேத்துல அது வழுக்கினா அவ்வளவுதான். ஜீப்பில் நாலு சக்கரமும் பாடுபடும். வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டத் தனி கியரும் உண்டு. 1947ல் மகிந்திரா இதை மும்பையில் பூட்டத் தொடங்கியது.

அப்ப தாத்தா தோத்தாரா? போர்க்காலத்தில் ராணுவத்துக்கு அவசரமாக லட்சக்கணக்கில் ஜீப் தேவைப்பட்டது. வில்லிஸ் மட்டும் செய்து மாளவில்லை. அதே வடிவத்தில் சுமார் 2,80,000 ஜீப் செய்து கொடுத்தது யாரு? ஃபோர்டு! தாத்தா காட்டுன வழியிலதான் பேரன் பிறந்தான். (கைதட்டல்)

சரி, தீர்ப்பு. வண்டியை எளியவன் வாங்குற விலைக்குக் கொண்டு வந்தது ‘டி’ மாடல். எளியவன் இருக்கிற இடத்துக்கே போனது ஜீப். மலை சூழ்ந்த மாவட்டத்தில் நின்று சொல்கிறேன்: ஜீப்தான்!

ஆனா ஒண்ணு. 2021 சட்டமன்றத் தேர்தல்ல, பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு ஓட்டுப் பெட்டி எதுல போச்சு? கழுதை முதுகுல! ஓட்டுப் பெட்டி காத்திருக்கும். பிரசவ வலி காத்திருக்குமாங்க? எந்தப் பெரிய வண்டிக்கும் பாதை வேணும். வண்டி செய்யிறது கம்பெனி. பாதை போடுறது நம்ம பொறுப்பு. கேட்டு வாங்க வேண்டியதும் நாமதான்.